வெறுங்கையுடன் வந்த வாத்தியார்

பலசரக்குக் கடையில் வேலைக்குச் சேரும் பையனை முதல் நாளே தராசு பிடிக்க விடும் முதலாளி இல்லை. வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளிக்க வேண்டும். பொட்டலம் மடிக்கப் பழக வேண்டும். மூட்டை பிரித்து, சரக்கைப் புடைத்து, கல் பொறுக்க வேண்டும். தராசு கைக்கு வரப் பல மாதங்கள் ஆகும். கல்லாப்பெட்டிக்கு அருகில் உட்காரச் சில வருடங்களே ஆகிவிடும். இன்று தனிக்கடை வைத்திருக்கும் வணிக அன்பர்கள் பலர் இந்த வழியில் வந்தவர்கள்தான். அவர்களுக்கு, ஜப்பானியக் கராத்தே ஆசான் கிச்சின் ஃபுனகோஷியின் வாழ்க்கை அந்நியமாகத் தெரியாது.

கராத்தே என்றதும் ஓடு உடைப்பதும், சினிமாவில் பத்துப் பேரை ஒருவர் பந்தாடுவதும்தான் நம் நினைவுக்கு வரும். நம் ஊர்களிலும் மாலை வேளைகளில் வெள்ளை உடை அணிந்த பிள்ளைகள் மைதானத்தில் கை கால்களை வீசுவதைப் பார்க்கிறோம். அவர்களில் பலர் பயிலும் பிரிவுக்கு ‘ஷோடோகான்’ என்று பெயர். ‘ஷோடோ’ என்பது ஃபுனகோஷி கவிதை எழுதும்போது வைத்துக்கொண்ட புனைபெயர். பைன் மரங்களுக்கிடையே காற்று எழுப்பும் அலையோசை என்பது அதன் பொருள். ‘கான்’ என்றால் கூடம். அவருடைய மாணவர்கள் அவருக்காகக் கட்டிய கூடத்தின் பெயர் இன்று உலகம் முழுவதும் நடமாடுகிறது.

அந்தக் கூடம் வருவதற்குள் அந்த மனிதர் பட்ட பாடு பெரிது.

நோஞ்சான் பிள்ளை

ஜப்பானின் தெற்குக் கோடியில் உள்ளது ஒகினாவா தீவு. ரியுக்யு என்ற தனி அரசாக விளங்கி, 1879-ல் ஜப்பானின் ஒரு மாவட்டமாக ஆக்கப்பட்ட பூமி. அதன் பழைய தலைநகரான ஷூரியில் 1868-ம் ஆண்டு ஃபுனகோஷி பிறந்தார். குறைமாதக் குழந்தை. இது நெடுநாள் தங்காது என்றுதான் வீட்டார் நினைத்தார்கள். அம்மா வழிப் பாட்டனும் பாட்டியும் எடுத்துச் சென்று வளர்த்தார்கள். கல்விமானான பாட்டனார் பேரனுக்குச் சீனத்துப் பழம் நூல்களைக் கற்பித்தார்.

பள்ளியில் அவருக்கு வாய்த்த நண்பன் ஒருவனின் தந்தைதான் அசாதோ அங்கோ. ஒகினாவாவின் பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். குதிரையேற்றம், வாள் வீச்சு, வில்வித்தை எல்லாவற்றிலும் தேர்ந்தவர். கராத்தேயில் அந்தத் தீவிலேயே பெயர் பெற்றவர்களில் ஒருவர். நண்பனைப் பார்க்கப் போன பையன், நண்பனின் தந்தைக்கு மாணவனானான். உடம்பு தேறியது. மருந்து செய்யாததைப் பயிற்சி செய்தது என்று பிற்காலத்தில் அவரே உறுதியாக நம்பினார்.

இருட்டில் நடந்த பள்ளிக்கூடம்

அந்தக் காலத்தில் ஒகினாவாவில் கராத்தே வெளிப்படையாகக் கற்பிக்கப்படவில்லை. ஆசானுக்குப் பலகையும் கிடையாது, மாணவனுக்குச் சீருடையும் கிடையாது. ஊர் உறங்கிய பிறகு கையில் ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு ஃபுனகோஷி ஆசான் வீட்டுக்கு நடப்பார். நிலவில்லாத இரவுகளில் அந்த விளக்கே துணை. விடியும் நேரத்தில் திரும்பி வருவார். இளைஞன் ஒருவன் இரவில் போய் விடியலில் வருவதைக் கண்ட அக்கம்பக்கத்தார் அவன் தப்பான இடத்துக்குப் போகிறான் என்று பேசிக்கொண்டார்கள். உண்மையைச் சொல்ல முடியாத நிலையில் அந்தப் பேச்சையும் அவர் பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பயிற்சி என்ன? ‘கட்டா’ எனப்படும் அசைவுத் தொகுப்பு. எதிராளி ஒருவர் இருப்பதாக எண்ணிக்கொண்டு தடுப்பதும் அடிப்பதும் திரும்புவதுமாக வரிசை மாறாமல் செய்ய வேண்டும். ஒரே கட்டாவை இரவு முழுவதும் செய்ய வேண்டும். மறுநாளும் அதுவே. வாரங்கள் போகும், சில சமயம் மாதங்கள் போகும். ஆசான் திண்ணையில் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். இன்னும் ஒரு தடவை என்பார். சரியாக வந்துவிட்டால் அதற்கும் ஒரே ஒரு சொல்தான். அந்தச் சொல் வரும்வரை அடுத்த கட்டாவுக்குப் போக முடியாது. டெக்கி என்னும் மூன்று கட்டாக்களைக் கற்கவே அவருக்குப் பத்து ஆண்டுகள் ஆயின!

இன்று யாராவது இப்படிப் பத்து ஆண்டுகள் காத்திருப்பார்களா என்று கேட்கலாம். ஆனால் நம் தொழிலில் இது புதிதல்ல. அரிசியைப் பல்லில் கடித்துப் பார்த்து ஈரம் சொல்கிற தரகரும், மிளகாயைக் கையில் அள்ளிய மாத்திரத்தில் எந்தப் பக்கத்துச் சரக்கு என்று சொல்கிற மண்டிக்காரரும் அதை ஒரு வாரத்தில் கற்றவர்கள் அல்ல. ஒரே வேலையை ஆயிரம் தடவை செய்யும்போதுதான் கைக்குக் கண் முளைக்கிறது. அதைக் குறுக்கு வழியில் வாங்க முடியாது.

ஒரு மாணவன், இரண்டு ஆசான்கள்

அசாதோவுக்கு ஒரு நெருங்கிய நண்பர் உண்டு. அவர் பெயர் இதோசு அங்கோ. பீப்பாய் போன்ற மார்பும் இரும்பு போன்ற கைகளும் கொண்டவர். எவ்வளவு அடி வாங்கினாலும் அசையாத உடம்பு. அசாதோவோ, அடியே தன்மேல் படக்கூடாது என்று விலகிப் போகும் வேகக்காரர். இருவர் வழியும் நேர் எதிரானவை. ஆனால் இருவரும் ஒரே மாணவனுக்குக் கற்பித்தார்கள். அவன் என் ஆள், உன் ஆள் என்ற போட்டி அவர்களுக்குள் இருக்கவில்லை. மாணவன் வியர்வை சொட்டச் சொட்டக் கட்டா செய்துகொண்டிருக்க, இருவரும் நிலவையும் விண்மீன்களையும் பற்றிப் பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தங்களிடம் கற்றது போதாது என்று வேறு ஆசான்களிடமும் சென்று பழகிவரச் சொன்னார்கள்.

அசாதோவிடம் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய பழக்கம் ஒன்று இருந்தது. தீவில் இருந்த கராத்தே வல்லுநர்கள் அத்தனை பேரைப் பற்றியும் அவர் குறிப்பு வைத்திருந்தார். இன்னாருக்கு வீடு எங்கே, எதில் வல்லவர், எதில் பலவீனம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பிறரையும் தன்னையும் அளந்து வைத்திருப்பவனுக்குத் தடுமாற்றம் இல்லை என்பது அவர் கொள்கை. கடைத்தெருவில் யார் என்ன விலைக்கு விற்கிறார், எந்த வாடிக்கையாளர் எப்போது பணம் தருவார் என்று மனத்தில் பேரேடு வைத்திருக்கும் வியாபாரி தோற்பதில்லை அல்லவா?

இதோசு வேறொரு வகையில் பெரியவர். இரவில் மறைவாக நடந்த கலையை அவர் பகலுக்குக் கொண்டுவந்தார். 1900-களின் தொடக்கத்தில் ஒகினாவாவின் பள்ளிக்கூடங்களில் கராத்தே பாடமானதற்கு அவரே முக்கியக் காரணம். சிறுவர்கள் பயில எளிய கட்டாக்களையும் வகுத்துத் தந்தார். ஃபுனகோஷி அவர் விட்ட இடத்திலிருந்துதான் தொடர்ந்தார்.

மூன்று யென் சம்பளம்

ஃபுனகோஷிக்கு மருத்துவம் படிக்க ஆசை இருந்தது. அவர் குடும்பம் பழைய வழக்கப்படி ஆண்கள் குடுமி வைத்திருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தது. புதிய அரசோ குடுமி கூடாது என்றது. மருத்துவப் படிப்பு கை நழுவியது. கடைசியில் 1888-ல் பள்ளி ஆசிரியர் வேலைக்காகக் குடுமியை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது, பெற்றோர் அடைந்த கோபமும் துக்கமும் கொஞ்சமல்ல.

தொடக்கத்தில் சம்பளம் மாதம் 3 யென். வீட்டில் சாப்பிடப் பத்துப் பேர். பகலில் பள்ளிக்கூடம், இரவில் பயிற்சி. குடும்பம் எப்படி நடந்தது? மனைவி நடத்தினார். பகலில் காய்கறித் தோட்டத்தில் பாடுபட்டார். இரவில் தறியில் உட்கார்ந்து துணி நெய்து சில்லறை சேர்த்தார். வேறு வேலை பார், இந்தக் கராத்தே சோறு போடுமா என்று ஒரு நாளும் அவர் கேட்டதில்லை. ஊக்கமே கொடுத்தார். நம் கடைகளிலும் கல்லாவில் கணவர் உட்கார்ந்திருப்பது ஊருக்குத் தெரியும். வீட்டில் மல்லி மிளகாய் காயவைத்து, பொட்டலம் போட்டு, கணக்கையும் நினைவில் வைத்திருக்கும் கை யாருடையது என்பது நமக்குத்தான் தெரியும்.

இப்படி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியர் பணியில் கழிந்தன. அந்தக் காலத்தில் நடந்த ஒரு சம்பவத்தை அவர் தமது நூலில் எழுதியிருக்கிறார். ஓர் இரவு தனி வழியில் நடந்து வரும்போது இருவர் வழிமறித்தார்கள். ஃபுனகோஷியின் கையில் முன்னோருக்குப் படைப்பதற்காக வாங்கிய பலகாரம் இருந்தது. அவர் நினைத்திருந்தால் இருவரையும் கீழே தள்ளியிருக்கலாம். அவரோ பலகாரப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டார். ஆசான்களிடம் போய்ச் சொன்னார். இதோசு, சரியாகச் செய்தாய் என்றார். அசாதோ, பலகாரம் போய்விட்டதே, படையலுக்கு என்ன செய்தாய் என்று கேட்டார். மனமார வணங்கிக்கொண்டேன் என்று மாணவர் பதில் சொன்னார். நீ கராத்தேயைக் கற்றுக்கொண்டாய் என்பதற்கு அடையாளமாக அந்தப் பதிலை ஏற்று ஆசான் பாராட்டினார். அடிக்கத் தெரிந்தவன் அடிக்காமல் வந்ததற்குக் கிடைத்த பாராட்டு அது.

ஐம்பத்து மூன்று வயதில் புது ஊர்

1921-ல் ஜப்பானியப் பட்டத்து இளவரசர் ஹிரோஹிட்டோ கப்பலில் ஐரோப்பா செல்லும் வழியில் ஒகினாவாவில் இறங்கினார். அவர் முன்னிலையில் நடந்த கராத்தே நிகழ்ச்சியை ஃபுனகோஷி முன்னின்று நடத்தினார். அடுத்த ஆண்டு, 1922-ல், தலைநகர் டோக்கியோவில் கல்வித் துறை நடத்திய உடற்பயிற்சிக் கண்காட்சிக்கு அவரை அனுப்பினார்கள். செய்து காட்டிவிட்டுச் சில நாட்களில் ஊர் திரும்புவதுதான் திட்டம்.

ஆனால் ஜூடோவை நிறுவிய ஜிகோரோ கானோ, தம் கூடத்துக்கு வந்து செய்து காட்டுமாறு அழைத்தார். பின்னர் ஓவியர் ஒருவர், எங்களுக்குக் கற்றுத்தாருங்கள், இங்கேயே இருங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஃபுனகோஷி தங்கிவிட முடிவு செய்தார். அப்போது வயது 53. கையில் முதல் இல்லை. டோக்கியோவில் வீடும் இல்லை. மனைவிக்குக் கடிதம் எழுதி அழைத்தார். முன்னோர் வழிபாட்டை விட்டுவிட்டு வர முடியாது, நீங்கள் அங்கே உங்கள் வேலையைச் செய்யுங்கள் என்று அந்த அம்மையார் பதில் அனுப்பினார்.

ஒகினாவா மாணவர்கள் தங்கும் விடுதி ஒன்றில் அவருக்கு ஒரு சிறு அறை கிடைத்தது. விடுதியின் கூடத்தை மாணவர்கள் பயன்படுத்தாத நேரத்தில் வகுப்புக்கு எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ஈடாக வாசல் காவல் பார்த்தார், அறைகளைப் பெருக்கினார், தோட்டத்தில் களை பிடுங்கினார். ஒரு நாள் அவர் விளக்குமாறும் கையுமாக நின்றபோது பத்திரிகை நிருபர் ஒருவர் வந்தார். வேலைக்காரர் என்று நினைத்து, ஃபுனகோஷி ஆசான் எங்கே என்று கேட்டார். சற்று இருங்கள் என்று உள்ளே போனவர், நல்ல உடை மாற்றிக்கொண்டு வந்து, நான்தான் என்று வணங்கினார். நிருபர் விழித்த விழியை அவர் சிரிப்போடு நினைவுகூர்கிறார்.

பெருக்குவதில் அவருக்கு வெட்கம் இருக்கவில்லை. ஆனால் பசி இருந்தது. மாணவர்கள் சிலர்தான். விடுதிச் சமையற்காரருக்கு மாதச் சாப்பாட்டுப் பணம் கொடுக்க முடியாதபோது, அவருக்குக் கராத்தே கற்றுத்தந்து கட்டணத்தைக் குறைத்துக்கொண்டார். ஊரிலிருந்து கொண்டுவந்த தொப்பியையும் கைத்தறி உடையையும் அடகுக்கடைக்கு எடுத்துப் போனார். பழைய துணி, பெரிய விலை பெறாது. அடகுக்கடைக் குமாஸ்தா உள்ளே போய் யாருடனோ பேசிவிட்டு வந்து, எதிர்பாராத பெரும் தொகையை எண்ணி வைத்தார். அந்தக் குமாஸ்தாவின் தம்பி தம்மிடம் கராத்தே படிக்கும் மாணவன் என்பது ஃபுனகோஷிக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

கடன் கொடுப்பது நமக்குத் தெரிந்த தொழில். பொருளைப் பார்த்துக் கொடுக்கும் கடன் ஒன்று, ஆளைப் பார்த்துக் கொடுக்கும் கடன் ஒன்று. அன்று அவருக்குக் கிடைத்தது இரண்டாவது.

நெருப்பும் குண்டும்

கொஞ்சம் நிமிர்ந்த நேரத்தில், 1923 செப்டம்பர் 1-ந் தேதி பூகம்பம் வந்தது. டோக்கியோ தீப்பற்றி எரிந்தது. மாணவர்கள் சிலர் மாண்டார்கள், சிலர் காணாமல் போனார்கள். முந்தைய ஆண்டுதான் வெளிவந்திருந்த அவருடைய முதல் நூலின் அச்சுத் தகடுகளும் சாம்பலாயின. ஃபுனகோஷி ஒரு வங்கிக்குப் போய், சுற்றறிக்கைகள் எடுப்பதற்கான மெழுகுத்தாள் எழுதும் வேலை பார்த்தார். மாலையில் வகுப்பைத் தொடர்ந்தார். விடுதிக் கட்டடம் பழுதடைந்தபோது, வாள்வித்தை ஆசான் ஒருவர் தம்முடைய கூடத்தைக் காலி நேரத்தில் பயன்படுத்திக்கொள்ளக் கொடுத்தார்.

1924 ஏப்ரலில் தம் மாணவர்களில் ஏழு பேருக்கு முதன்முதலாகக் கருப்புப் பட்டை வழங்கினார். அதே ஆண்டு கெயோ பல்கலைக்கழகத்தில் கராத்தே சங்கம் தொடங்கியது. பிற பல்கலைக்கழகங்களும் பின்தொடர்ந்தன. படித்த இளைஞர்கள் வழியே கலை பரவியது.

அவர் செய்த பெரிய மாற்றம் பெயரில். கராத்தே என்ற சொல்லைச் ‘சீனக் கை’ என்ற பொருள்படும் எழுத்துகளில்தான் அதுவரை எழுதி வந்தார்கள். அவர் அதே உச்சரிப்புள்ள வேறு எழுத்தைக் கொண்டு ‘வெறுங்கை’ என்று எழுதினார். ஆயுதம் இல்லாத கை என்பது ஒரு பொருள். தன்னலமும் தீய எண்ணமும் இல்லாத மனம் என்பது அவர் சேர்த்த பொருள். பழைய பெயரை மாற்றலாமா என்று சொந்த ஊர்க்காரர்களே கண்டித்தார்கள். அவர் பின்வாங்கவில்லை.

1930-களில் மாணவர்களும் நண்பர்களும் நாடெங்கும் நன்கொடை திரட்டி அவருக்கென்று ஒரு கூடம் கட்டினார்கள். அதுவரை இரவல் இடங்களில் கற்பித்தவருக்கு எழுபது வயதை நெருங்கும் வேளையில் சொந்த வாசல் கிடைத்தது. அதுதான் ஷோடோகான். 1945-ல் விமானக் குண்டுவீச்சில் அது அழிந்தது. தமக்குப் பின் கூடத்தை நடத்துவார் என்று நம்பியிருந்த மகன் யோஷிதாகாவும் அதே 1945-ல் நோயில் இறந்தார். ஒகினாவாவில் நடந்த கொடும் போரில் தப்பிய மனைவி, அகதியாகக் கியூஷூ தீவுக்கு வந்து சேர்ந்தார். பிரிந்து வாழ்ந்த தம்பதியர் வயோதிகத்தில் ஒன்று சேர்ந்தனர். 1947-ல் அவரும் காலமானார்.

கூடம் இல்லை, மகன் இல்லை, மனைவி இல்லை. எண்பதை நெருங்கிய கிழவர் அஸ்தியை எடுத்துக்கொண்டு டோக்கியோவுக்கு ரயில் ஏறினார். வழியில் ரயில் நின்ற நிலையங்களில் அவருடைய பழைய மாணவர்கள் வந்து காத்திருந்து துக்கம் விசாரித்தார்கள். குண்டு விழுந்து அழியாத சொத்து என்று ஒன்று இருந்தால், அது அந்த நடைமேடைகளில் நின்றது.

1949-ல் மாணவர்கள் ஜப்பான் கராத்தே சங்கத்தை அமைத்து அவரைத் தலைமை ஆசானாக வைத்துக் கொண்டாடினார்கள். அந்தச் சங்கம் பிற்காலத்தில் பல நாடுகளுக்கும் ஆசிரியர்களை அனுப்பியது. 1957 ஏப்ரல் 26-ந் தேதி, 88-ம் வயதில் ஃபுனகோஷி காலமானார். காமாகுரா நகரில் அவருக்கு எழுப்பிய நினைவுக் கல்லில், கராத்தேயில் முதல் அடி நம்முடையதல்ல என்ற அவருடைய கொள்கையைப் பொறித்திருக்கிறார்கள்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். போட்டி வைத்து வெற்றி தோல்வி பார்ப்பதில் அவருக்கு விருப்பம் இல்லை. ஆயினும் அவர் மறைந்த அதே 1957-ல் மாணவர்கள் அகில ஜப்பான் போட்டியை நடத்தினார்கள். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தே இடம்பெற்றது. ஆசான் விரும்பியபடியே மாணவன் எல்லாவற்றையும் செய்வதில்லை. அவர் செய்த மாற்றங்களும் அவருடைய ஊராருக்குப் பிடிக்கவில்லை என்பதை நினைத்தால், இதில் வியப்பும் இல்லை.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

கடைக்கு ஆள் கிடைப்பதில்லை, வந்த பையனும் மூன்று மாதத்தில் போய்விடுகிறான் என்ற குறை நம் கூட்டங்கள் எல்லாவற்றிலும் கேட்கிறது. பிள்ளைகளுக்குக் கடையில் நாட்டம் இல்லை என்ற வருத்தமும் கேட்கிறது. வாங்கவும் விற்கவும் ஆள் இருந்தும், அடுத்து உட்கார ஆள் இல்லாமல் மூடிய கடைகள் நம் கடைவீதிகளில் உண்டு. இந்தக் குறையில் பாதி இளைஞர்கள் பக்கம் இருக்கலாம். மீதிப் பாதி நம் பக்கம் இருக்கிறது. வேலை வாங்குகிறோம். கற்றுக்கொடுக்கிறோமா? அசாதோ திண்ணையில் இரவு முழுக்க விழித்திருந்தார். மாணவன் கண் விழித்த இரவெல்லாம் ஆசானும் கண் விழித்த இரவு. பையன் போட்ட கணக்கை மாலையில் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரிபார்க்க நமக்குக் கால் மணி நேரம் இருக்கிறதா?

இன்னொன்று, பகிர்வது. இரண்டு ஆசான்கள் ஒரே மாணவனை வளர்த்தார்கள். தம் கடைப் பையனை நம்பிக்கையான மொத்த வியாபாரி ஒருவரிடம் அனுப்பி, கொள்முதல் கற்றுவரச் சொல்லும் மனம் நமக்கு வந்தால், சங்கம் என்ற சொல்லுக்கும் ஒரு பொருள் கிடைக்கும். கற்றவன் எதிர்க்கடை வைத்துவிடுவானே என்ற பயம் இயற்கை. வைக்கட்டும். நல்ல முதலாளியிடம் வளர்ந்தவன் நல்ல எதிர்க்கடைக்காரனாக இருப்பான். எடையில் நாணயம் உள்ள கடை எதிரே இருந்தால் கடைத்தெருவுக்கே பெயர்.

ஃபுனகோஷி தம் மாணவர்களுக்கு வகுத்த இருபது விதிகளில் ஒன்று இது: பயிற்சி வெந்நீரைப் போன்றது, அடுப்பை அணைத்துவிட்டால் தானாகவே ஆறிப்போகும். வியாபாரமும் அப்படித்தான். அடுப்பை எரியவிடுவது நம் வேலை. நமக்குப் பின் விறகு வைக்க ஒரு கையைப் பழக்கிவிட்டுப் போவதும் நம் வேலையே.